ஒரு தரம்தான் கேட்டீர்கள்

காலையில் எழுந்தவுடன் மூன்று பேரும் தனித்தனியே ஜன்னலைப் பார்த்தார்கள். "இன்னிக்கு வேண்டாமே" என்று மற்ற இருவரில் யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று மூன்று பேருமே நினைத்தார்கள். யாரும் சொல்லவில்லை.

மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடல், அந்த ஃபியோர்டைக் காணோம். அக்கரை மலையையும் காணோம். தோட்டத்தில் முதல் நான்கு வரிசை ஆப்பிள் மரங்கள் மட்டும் தெரிந்தன. பூவெல்லாம் நனைந்து, காயப்போட்டு எடுக்க மறந்த துணி மாதிரி தொங்கின. நேற்று மத்தியானம் பிடித்த மழை.

பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் திங்கட்கிழமை, லீவு நாள். மேலே பனி உருகி அருவிகள் நிறைந்து இறங்கும் சமயம். அப்பா ஷூர் இருந்தவரை இந்த ஒரு நாளில் குடும்பத்தையே காரில் அடைத்து அருவி பார்க்க அழைத்துப் போவார். மூன்று அருவி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கோப்பை காபி. பிப்ரவரியில் ஷூர் போய்விட்டார். அவருடைய வழக்கத்தை நிறுத்துவோம் என்று சொல்லும் தைரியம் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று அம்மா போர்கில் ஆறு மணிக்கே எழுந்து வாஃபிள் சுட்டாள். அம்மாவுக்கு இது வேண்டியிருக்கும் என்று மகள் தோருன் முந்தின நாளே பெர்கனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவர்கள் இருவருக்காகவும் மகன் எய்விண்ட் காரைத் துடைத்து வைத்திருந்தான். வயது எழுபத்து மூன்று, நாற்பத்தேழு, நாற்பத்தொன்று. மூன்று பேருக்கும் தூக்கம் போதவில்லை.

போர்கில்லின் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவில், வக்கீல் எழுதிக்கொடுத்த தாள் ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருந்தது. சட்டப்படி பூர்வீக நிலம் மூத்த பிள்ளைக்குத்தான் முதலில் போகும். ஆணா பெண்ணா என்ற பேச்சில்லை. பதினாலு வருஷமாகத் தோட்டத்தைப் பார்ப்பவன் இளையவன் எய்விண்ட். அவன் பேருக்கு மாற்ற வேண்டுமென்றால் தோருன், "என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். போர்கில் மூன்று வாரமாக அந்தத் தாளைச் சுமக்கிறாள். எடுத்து நீட்ட வாய் வரவில்லை.

தோருன் சுமந்தது வேறு. பெர்கனில் பல் கட்டும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பொய்ப்பல் செய்த வேலையை விட்டாயிற்று. வாடகை வீட்டையும் ஆகஸ்டில் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாயிற்று. எங்கே போவாய் என்று கேட்டவர்களிடம், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அந்தத் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு உயிரிடமும் சொல்லவில்லை.

எய்விண்டின் மனைவி சில்யா வரவில்லை. தலைவலி என்றாள். வீட்டில் புத்திசாலி அவள் ஒருத்திதான் என்று எய்விண்ட் காரை எடுக்கும்போது சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் தெற்கே, ஓடாவைத் தாண்டி லோத்தேஃபோஸ். மலையிலிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கி, ரோட்டோரம் ஒன்றாகச் சேர்ந்து, பழைய கல்பாலத்துக்கு அடியில் ஓடுகிற அருவி. இன்று அது பாலத்துக்கு அடியில் மட்டும் ஓடவில்லை. ரோட்டின் குறுக்கே வெள்ளையாகச் சுவர் எழுப்பியிருந்தது. எதிரில் வந்த பஸ் ஒன்று அதற்குள் நுழைந்து காணாமல் போய், மறுபடி வெளியே வந்தது. கார்க் கூரையில் யாரோ சரளைக்கல்லைக் கொட்டுவது போல் சத்தம்.

ஒதுங்கி நிறுத்திவிட்டு இறங்கினார்கள். தோருன் போட்டிருந்தது அப்பாவின் பச்சை மழைக்கோட்டு. அதன் பையில் கை விட்டபோது மரத்துக்கு ஒட்டுக்கட்டுகிற ரப்பர் நாடா ஒரு சுருள் தட்டுப்பட்டது. அதை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அருவி நீர் எது, மழை எது என்று முகத்துக்குத் தெரியவில்லை.

"பாத்தாச்சா?" என்றாள் போர்கில். ஷூர் கேட்கிற கேள்வி அது. பார்த்தாயிற்று என்று தலையாட்டினால்தான் காபி வரும்.

தலையாட்டினார்கள்.

கார்க் கதவைத் திறந்து வைத்து, அதன் மறைவில் போர்கில் பாத்திரத்தைத் திறந்தாள். இதய வடிவ வாஃபிள், நடுவில் பிளம் ஜாம்.

"எடுத்துக்கோ."

"வேண்டாம்மா. இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றாள் தோருன்.

"ஒண்ணே ஒண்ணு."

"இல்லம்மா, நிஜமாவே வேண்டாம்."

"பாதியாவது எடு. மழையில நிக்கற."

தோருன் முழுசாக ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடுத்து எய்விண்டுக்கும் அதே மூன்று கேள்வி, அதே பதில்கள், கடைசியில் இரண்டு வாஃபிள். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான். முதல் தடவையே கை நீட்டினால் பேராசை. இரண்டாவது மறுப்போடு தட்டை உள்ளே எடுத்துப் போனால் கருமித்தனம். அக்கம்பக்கத்து ஹெர்டிஸ், தன் புருஷனை அடக்கம் செய்த அன்று காபிக்கு வந்தவர்களை இரண்டு தரம்தான் கேட்டாளாம். இருபது வருஷம் ஆகிறது. போர்கில் அதை இன்றைக்கும் ஒரு தரம் சொன்னாள்.

பக்கத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் அங்கி போட்ட வெளியூர்ப் பெண் ஒருத்தி போனை உள்ளங்கையில் மறைத்துப் படம் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. போர்கில் பாத்திரத்தை அவளிடம் நீட்டினாள். அந்தப் பெண் சிரித்து, நன்றி சொல்லி, எடுத்துத் தின்றுவிட்டாள். அடுத்து இன்னொன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவளே கேட்டாள்.

காரில் ஏறிய பிறகும் போர்கில்லுக்கு ஆறவில்லை. "கேட்டதும் எடுத்துக்கிட்டாளே" என்றாள்.

"பசிச்சிருக்கும்" என்றான் எய்விண்ட்.

"பசிச்சா?"

தோருன் கண்ணாடி வழியாகத் திரும்பி அந்த மஞ்சள் அங்கியைப் பார்த்தாள். எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். கை நீட்டினாள், தின்றாள், வேலை முடிந்தது.

திரும்பி வடக்கே போகையில், சொந்த வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும். சமையலறை விளக்கு எரிந்தது. சில்யா உள்ளே உலர்ந்த காலோடு இருப்பாள். மூன்று பேரும் அந்த விளக்கைப் பார்த்தார்கள். எய்விண்டின் கால் ஒரு நொடி தயங்கியது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பியிருப்பான். சொல்லாததால் வண்டி இன்னும் ஒரு மணி நேரத் தூரத்துக்குப் போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் ஷூர் கேட்டது, தோருனுக்கு அந்த வழியெல்லாம் நினைவில் வந்தது. உப்புக்கண்ட ஆட்டிறைச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டே, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "தோருன், தோட்டம் உனக்கு வேணுமா?" அவள், "வேண்டாம்ப்பா, எய்விண்ட் இருக்கானே" என்றாள். வேறு என்ன சொல்வாள். ஷூர் ம்ம் என்று சொல்லி உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்தினார். அவ்வளவுதான். அவள் காபி வரும்வரை காத்திருந்தாள். மறுநாள் காலை வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம்.

இரண்டாவது அருவி வோரிங்ஸ்ஃபோஸனுக்குப் போகிற மலைப்பாதையில் ஏழெட்டு வளைவு ஏறுவதற்குள் போர்கில்லுக்குக் குமட்டல். மேலே போய்ச் சேர்ந்ததும், காரிலேயே இருக்கிறேன், நீங்கள் எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மேகம் அடைத்திருந்தது. நூற்றைம்பது மீட்டருக்கும் மேலான ஆழத்தில் அருவி விழும் சத்தம் மட்டும் காலடி இரும்புத் தளத்தை அதிர வைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரத்தில் வளர்ந்த அக்காவும் தம்பியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்கள். சுற்றிலும் ஐம்பது பேர், கலர் கலரான அங்கிகளில், அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு தூரத்துலேருந்து வராங்க, இதைப் பாக்க" என்றான் எய்விண்ட்.

"சத்தம் நல்லா இருக்கே."

"சத்தத்துக்கு வீட்டுக் குழாயைத் திறந்து விட்டிருக்கலாம்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "உன் பல்லுங்கல்லாம் எப்படி இருக்கு?"

"கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். வேலையை விட்டதைச் சொல்ல அதுதான் இடம். சொல்லவில்லை. "தோட்டம்?"

அவன் கையைப் பிரித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஏப்ரலில் பதினோரு ராத்திரி உறைபனி. மொட்டு கருகாமல் இருக்க விடியவிடியத் தண்ணீர் தெளித்தது, பம்பு நின்றுபோனது, இடுப்பு பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொன்னான். தோருன் கேட்டுக்கொண்டாள். அது அவளுக்குக் கணக்குச் சொல்வது போல இருந்தது. இத்தனை செய்தவன் நான், நீ பல் செய்துகொண்டிருந்தாய் என்று சொல்வது போல. சொல்லட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தாள். தோட்டத்தை அவன் பேருக்கு எழுதச் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றும் அப்போது நினைத்தாள். எல்லோருக்கும் களைப்பாக இருக்கிறது. ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும்.

"கப்பல் பள்ளிக்கூடத்துல என்கூட இடம் கிடைச்சுதே ஓடுனுக்கு, ஞாபகம் இருக்கா?" என்றான் எய்விண்ட், சம்பந்தமில்லாமல். "இப்ப வடக்கே கேப்டனா இருக்கான். போட்டோ அனுப்பினான்."

"அப்பா இடுப்பை ஒடிச்சுக்கிட்ட வருஷம் இல்ல, அது?"

"ஆமா. ஒரு அறுவடை முடியற வரைக்கும்னு தோட்டத்துக்கு வந்தேன்." கம்பியிலிருந்து தண்ணீரை விரலால் வழித்துவிட்டான். "வா, அம்மா தனியா இருக்காங்க."

மூன்றாவது அருவிக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும். யாருக்கும் தெம்பில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை. எய்ட்ஃபியோர்டு ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், முன்னால் போன கார்களின் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் வரிசையோடு நடந்து வந்து ஒவ்வொரு கண்ணாடியாகக் குனிந்து சொன்னார். மேலேயிருந்து பாறை சரிந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றுமில்லை. இயந்திரம் வருகிறது. ஒரு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ.

எய்விண்ட் என்ஜினை நிறுத்தினான். துடைப்பான் நடுக்கண்ணாடியிலேயே நின்றது. மூன்று பேரும் பெருமூச்சு விட்டார்கள். அது வருத்தமில்லை. மூன்றாவது அருவியை யாரும் கைவிட வேண்டியதில்லை, பாறையே கைவிட்டுவிட்டது.

கண்ணாடியில் ஆவி படிந்தது. ஈரக் கம்பளியும் காபியும் கலந்த வாசனை. ரோட்டோரப் பாறைச்சுவரில், இந்த மாதிரி மழைக்கு மட்டும் பிறக்கிற பேரில்லாத ஓர் அருவி கார்க் கதவுக்கு இரண்டடி தள்ளி விழுந்துகொண்டிருந்தது.

"மூணாவது இது" என்றாள் போர்கில். "பாத்தாச்சா?"

தலையாட்டினார்கள். அவள் காபி ஊற்றினாள். பிறகு கைப்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டை எடுத்து மடியில் வைத்தாள். மிட்டாயை வைத்தாள். பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். பின்சீட்டில் இருந்த மகள் பக்கம் திரும்பாமலே, தோளுக்கு மேலாக நீட்டினாள். பேனாவும் கூடவே வந்தது.

"சும்மா ஒரு கையெழுத்துதான்" என்றாள். "நீதான் அப்பவே வேண்டாம்னுட்டியே."

தோருன் தாளை வாங்கிப் படித்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்த தேதி, நிலத்தின் எண், விட்டுக்கொடுக்கிறேன் என்ற ஒரு வரி. பேனா மூடியைக் கழற்றினாள். முன்சீட்டில் அம்மாவின் பிடரி, ஒட்டிக்கொண்ட நரைமுடி. தம்பியின் தோள். தன் மடியில் வாஃபிள் பாத்திரம், உள்ளே ஒன்றே ஒன்று பாக்கி.

அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாஃபிளுக்கு மூணு தரம் கேக்கறீங்க. தோட்டத்துக்கு ஒரு தரம்தான் கேட்டீங்க."

பாறையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது.

போர்கில் மெதுவாகத் திரும்பினாள். காரில் திரும்புவதென்றால் அவளுக்கு இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். மகள் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தேழு வருஷமாக அந்த முகத்துக்கு மூன்று தரம் கேட்டுக் கேட்டுத்தான் சோறு போட்டிருக்கிறாள்.

"அப்பா மறுபடி கேக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

"நானும் கேக்கல." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஹெர்டிஸ் இரண்டு தரம் கேட்டதற்கு இருபது வருஷம் பேசியவள். பிறகு, ஈரமான கையை மடியில் துடைத்துக்கொண்டு, கேட்டாள். "தோட்டம் உனக்கு வேணுமா, தோருன்?"

தோருன் வாயைத் திறந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது, பழகிப்போன அதே வார்த்தை. "வேண்டாம்மா. எய்விண்ட் இத்தனை வருஷம்..."

அது இரண்டாவது. மூன்று பேருக்கும் எண்ணத் தெரியும்.

போர்கில் மூச்சை எடுத்தாள். அவள் கேட்பதற்குள் ஓட்டுகிற சீட்டிலிருந்து குரல் வந்தது. எய்விண்ட் முன்னால் இருந்த காரின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோருன். தோட்டம் உனக்கு வேணுமா?"

மூன்றாவது தடவையை அவன் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கோட்டுப் பைக்குள் ரப்பர் நாடாவை இறுக்கிப் பிடித்தாள். ஆண்டவரே, இவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது. மஞ்சள் அங்கிக்காரி எப்படி நீட்டினாள் கையை?

"வேணும்" என்றாள். சின்னக் குரல்தான். "வேலையை விட்டுட்டேன். ஆகஸ்டுல வீட்டையும் விடறேன். எனக்கு வேணும், எய்விண்ட்."

அவன் பதினாலு வருஷமும், அவன் நட்ட கன்றுகளும், சில்யா அடித்த சமையலறைச் சாயமும், எல்லாமே அந்தக் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. போர்கில் மகனைப் பார்ப்பதா மகளைப் பார்ப்பதா என்று தெரியாமல் பேரில்லாத அருவியைப் பார்த்தாள்.

"உனக்கு ஒரு தரம்" என்றான் எய்விண்ட் கடைசியில். குரலில் கோபமில்லை, அசதிதான். "என்னை யாரும் ஒரு தரம்கூடக் கேக்கல. நீ வேண்டாம்னதும் தட்டு என் பக்கம் வந்துடுச்சு."

வோரிங்ஸ்ஃபோஸன் மேகத்தில் அவன் காட்டிய விரல்கள் தோருனுக்கு ஞாபகம் வந்தன. கணக்குச் சொல்கிறான் என்றல்லவா நினைத்தாள். வடக்கே கேப்டனாக இருக்கிற ஓடுனின் போட்டோவும்.

முன்னால் ஒரு என்ஜின் உறுமியது. இன்னொன்று. ஆரஞ்சுச் சட்டைக்காரர் வளைவில் நின்று கையை வீசினார். வரிசை நகர ஆரம்பித்தது. எய்விண்டின் கை சாவியில் இருந்தது. திருப்பவில்லை.

தோருன் முன்னால் சாய்ந்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். "உனக்கு வேணுமா, எய்விண்ட்? தோட்டம்?"

"வேண்டாம்" என்றான் அவன்.

பின்னாலிருந்த கார் ஹார்ன் அடித்தது. எய்விண்ட் சாவியைத் திருப்பினான். துடைப்பான் எழுந்து மறுபடி அடிக்கத் தொடங்கியது. போர்கில் மகளைத் திரும்பிப் பார்த்தாள், மகள் அம்மாவைப் பார்த்தாள். பேனா இன்னும் மூடப்படவில்லை.

அது முதல் தடவைதான்.